ஆவணியில் புதையுங்க... தையில் தோண்டுங்க!

பொங்கலுக்கு முந்தின வாரம் மதுரை சிம்மக்கல், மாட்டுத்தாவணி பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவே, மண் ஒட்டிய தோலோடு பனங்கிழங்கு குவிந்து கிடக்கும். நாமும் சம்பிரதாயத்துக்கு ஒரு கட்டு வாங்குவோம். பானைக்குப் பக்கத்தில் வைத்துச் சாமி கும்பிடுவோம். அப்புறம்?

"யாரு இதைத் தோலுரிச்சு, வேகவச்சு, நார் எடுத்துக்கிட்டு இருக்கிறது?" என்று அடுப்படி மூலையில் நாலு நாள் கிடக்கும். அஞ்சாம் நாள் குப்பைக்குப் போகும். நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது.

தை பிறந்தால் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "கிழங்குன்னா வாயு ஆச்சே டாக்டர்?", "எனக்குச் சுகர் இருக்கு, தொடலாமா?", "குழந்தைக்குக் குடுத்தா ரத்தம் ஊறுமாமே?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிழங்கை உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே, ஏன், மொட்டை மாடியிலேயே வளர்க்கலாம். அதற்கு ஏற்பாடு செய்யவேண்டிய மாதம் தை இல்லை, ஆவணிதான்.

உறைபனிக் கிழங்கும் நம்ம கிழங்கும்

இங்கிலாந்தில் பார்ஸ்னிப் என்று ஒரு கிழங்கு உண்டு. வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும், கேரட் குடும்பமேதான். வசந்த காலத்தில் விதைத்து, குளிர்காலம் வரை மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். மேலே உறைபனி கொட்டினாலும் தோண்டமாட்டார்கள். ஒரு பனி பட்ட பிறகுதான் அது இனிக்கும் என்பது அந்த ஊர்க் குடியானவர்களின் அனுபவம். காரணமும் இருக்கிறது. குளிர் ஏறும்போது கிழங்கு தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த நீர் சீக்கிரம் உறையாது. தன் உயிரைக் காத்துக்கொள்ள அது செய்கிற வேலை, நம் நாக்குக்கு இனிப்பாகத் தெரிகிறது!

நமக்குப் பக்கத்தில் உறைபனி பார்க்கவேண்டும் என்றால் டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் ஏறவேண்டும். மதுரைச் சமவெளியில் நாம் 'பனி' என்று சொல்வது விடிகாலையில் புல் நுனியில் நிற்கிற நீரைத்தான். வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினாலே நமக்கு மப்ளர் வேண்டியிருக்கிறது! ஆகவே பார்ஸ்னிப் நம் மண்ணுக்கு ஆகாது. ஆனால் அதே மாதிரி மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருந்து பனிக்காலத்தில் பக்குவத்துக்கு வருகிற கிழங்கு நமக்கும் ஒன்று உண்டு. அதுதான் பனங்கிழங்கு.

தமிழர் வகுத்த பெரும்பொழுது கணக்கை வைத்துப் பாருங்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக்காலம். காரில் புதைத்து, கூதிரில் இறங்கி, முன்பனியில் எழுந்து வருகிற பயிர் இது. உரம் கேட்காது. மருந்தடிக்க வேண்டாம். கேட்பதெல்லாம் பொலபொலவென்ற மண்ணும் நம் பொறுமையும்தான்.

இது வேரே இல்லை!

பனங்கிழங்கு வேர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வேரும் இல்லை, உருளைக்கிழங்கு மாதிரித் தண்டும் இல்லை. நடப்பது என்னவென்றால், பனங்கொட்டை முளைக்கும்போது மற்ற விதைகளைப் போல மேலே வராமல், வால் மாதிரி ஒன்றை மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிறது. குழந்தைச் செடி அந்த வாலின் நுனியில் இருக்கிறது. வெயிலும் ஆடும் மாடும் எட்டாத ஆழத்துக்குத் தன் குஞ்சைக் கொண்டுபோய் வைக்கிறது பனை. அந்த இளங்கன்றின் முதல் இலையுறைதான் மாவுச்சத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பருத்துக் கிழங்காகிறது.

அந்த மாவு எங்கிருந்து வருகிறது? கோடையில் நாம் சாப்பிட்ட நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பறிக்காமல் விட்டால் பழுத்து, உள்ளே கல் மாதிரி இறுகிவிடும். முளைக்கும்போது கொட்டைக்குள் பஞ்சு போல ஒன்று வளர்ந்து அந்தக் கல்லைக் கரைத்து உறிஞ்சும். அதுதான் தவுன். கிழங்கு தோண்டுகிற நாளில் கொட்டையை வெட்டி, "எனக்கு, உனக்கு" என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்களே, அதேதான். நுங்கு இறுகி, தவுன் அதைக் கரைத்து, கிழங்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரே சேமிப்பு மூன்று அவதாரம் எடுக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் வளர்க்கிற முறையும் சுலபமாகப் புரிந்துவிடும். வால் கீழே இறங்குவதற்கு இளக்கமான மண் ஆழமாக இருக்கவேண்டும். கீழே கெட்டித் தரை இருந்தால் கிழங்கு வளைந்து, மெலிந்து போகும்.

பாத்தி போடுவது எப்படி?

கொட்டை சேகரிப்பு: ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பனம்பழம் விழும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் உறவினர் இருந்தால் கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் விழுந்த பழத்தைப் பொறுக்கித் தரச் சொல்லுங்கள். தனியார் மரமாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுப்பது மரியாதை. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். சிலதில் ஒன்றோ இரண்டோதான். சதையை எடுத்துவிட்டு, கொட்டையை நிழலில் இரண்டு வாரம் குவித்துப் போடுங்கள். பூச்சி துளைத்தது, ஆட்டினால் மிக லேசாக இருப்பது, இரண்டையும் கழித்துவிடுங்கள்.

மண்: ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல். வண்டல் மண் கிடைத்தால் அதையும் கலக்கலாம். கரிசல் மட்டும் போட்டால் மழையில் குழைந்து, காய்ந்ததும் இறுகிவிடும். தரைக்கு மேல் 2 அடி உயரத்துக்குக் குவித்து மேட்டுப்பாத்தி போடுங்கள். 4 அடி நீளம், 3 அடி அகலம் இருந்தால் சுமார் 100 கொட்டை அடுக்கலாம்.

அடுக்குவது: கொட்டைகளை ஒன்றை ஒன்று ஒட்டி ஒரே வரிசையாக, கண் கீழ்நோக்கி இருக்கும்படி அடுக்குங்கள். மேலே மூன்று விரற்கடை மண் மூடி, வைக்கோலோ காய்ந்த ஓலையோ பரப்புங்கள்.

தண்ணீர்: ஆவணியில் மழை இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பூவாளியால் தெளித்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் நீங்கள் பாத்தியை மறந்தே விடலாம். தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. தேங்கினால் கொட்டை அழுகிவிடும்.

காவல்: எலியும் பெருச்சாளியும் மோப்பம் பிடித்து வந்துவிடும். பாத்தியைச் சுற்றி முள் போடுங்கள். மாடியில் வலை கட்டுங்கள்.

"நாங்க ஃபிளாட்டுல இருக்கோமே டாக்டர்?" என்கிறீர்களா? அரிசிச் சாக்கு இருக்கிறதல்லவா? அடியில் நாலு ஓட்டை போட்டு, 2 அடி உயரத்துக்கு மண் நிரப்பி, மேலே 15 கொட்டை அடுக்கி மூடிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் டிரம்மும் ஆகும். சாக்கு நனைந்தால் நல்ல கனம் இருக்கும். அதனால் மாடியில் சுவர் ஓரமாக, கீழே செங்கல் கொடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தராத விதையியல் பாடம் இதில் கிடைக்கும்!

தோண்டும் நாள் தப்பக்கூடாது

புதைத்து 100 நாளுக்கு மேல் ஆனதும், மார்கழி நடுவில், ஓரமாக ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். ஒரு அடிக்குக் குறையாமல், கட்டைவிரலைவிடத் தடித்து, ஒடித்தால் 'படக்'கென்று ஒடிந்து வெள்ளையாக இருந்தால் பக்குவம். மெலிந்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள்.

ரொம்பவும் விட்டுவிடக்கூடாது. மண்ணுக்கு மேல் பச்சைக் குருத்து எட்டிப்பார்க்க ஆரம்பித்தால், கிழங்கில் சேர்த்த மாவு இலைக்குச் செலவாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கிழங்கு சுருங்கி, நார் ஏறி, மென்று துப்பத்தான் ஆகும். 'மாசிக் கிழங்கு மரக்கட்டை' ஆவதன் ரகசியம் இதுதான்.

தோண்டிய கிழங்கைக் கழுவாமல், மண்ணோடும் தோலோடும் நிழலில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். வேகவைத்தது அன்றைக்கே தீரவேண்டும். மீந்தால் ஃபிரிஜ்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

பனங்கிழங்குக்கு இனிப்பும் லேசான துவர்ப்பும் சுவை. தன்மை குளிர்ச்சி. பித்தத்தைத் தணிக்கும், உடலுக்கு வலுவைத் தரும், அளவு மீறினால் வாதத்தை, அதாவது நீங்கள் சொல்கிற வாயுவைக் கூட்டும். முன்பனிக் காலத்தில் பசித்தீ நன்றாக இருக்கும். கனமான பண்டமும் செரிக்கும். கிழங்கு சரியாக அந்தப் பருவத்தில் வருவது பொருத்தம்தானே?

வாயுவுக்குப் பயந்து ஒதுக்கவேண்டியதில்லை. அப்பத்தா காலத்துக் கைப்பக்குவத்திலேயே மாற்று இருக்கிறது. வேகும்போது மஞ்சளும் உப்பும், சாப்பிடும்போது மிளகும் பூண்டும். மிளகும் பூண்டும் வாயுவை அடக்கும். குளிர்ச்சியையும் சமன் செய்யும். வெறும் கிழங்கை வேகவைத்து இரவு பத்து மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து நாலு தின்றுவிட்டு, "வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னால், குற்றம் கிழங்கின் மேல் இல்லை! காலையிலோ மாலை நாலு மணிக்கோ சாப்பிடுங்கள்.

நார்ச்சத்து நிறைய உண்டு. மலச்சிக்கலால் அவதிப்படுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் போதுமான தண்ணீர் குடிக்காமல் நார் மட்டும் தின்றால் சிக்கல் கூடத்தான் செய்யும்.

"ரத்தம் ஊறுமா?" என்ற கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். இது முதலில் ஒரு மாவுப் பண்டம். வலு தரும், வயிறு நிறையும். ரத்தசோகை என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தால், அதை நிறுத்திவிட்டுக் கிழங்கை நம்பாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் வளர்கிற பெண் பிள்ளைகளுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். கிழங்கும் சாப்பிடலாம், மாத்திரையும் தொடரவேண்டும்.

பச்சையாக வேண்டவே வேண்டாம்

பச்சைக் கிழங்கைக் காயவைத்து அரைத்து அப்படியே பாலில் கலந்து குடிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு நீண்ட நாள் கொடுத்து இலங்கை ஆய்வாளர்கள் சோதித்தபோது, கல்லீரலில் பாதிப்பு ஏற்பட்டதைக் கண்டார்கள். அந்த முடிவு 1976-ல் வெளியானது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கை நல்லது.

யாழ்ப்பாணத்துத் தாய்மார்களின் பழக்கத்தைப் பாருங்கள். அங்கே பச்சையாகக் காயவைத்தது ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல் மாவை நேரே உலையில் போடமாட்டார்கள். தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை வடித்துக் காறலைப் போக்கிய பிறகுதான் கூழ் காய்ச்சுவார்கள், நன்றாகக் கொதிக்கவும் விடுவார்கள். நாமும் அவித்தே சாப்பிடுவோம். மாவு வேண்டுமென்றால் அவித்துக் காயவைத்து அரைப்போம்.

சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு

"மண்ணுக்குக் கீழே விளைவது எதையும் தொடாதே" என்று பயமுறுத்தப்பட்டவர்கள் ஒரு பக்கம். "பனையில வர்றதெல்லாம் சுகருக்கு நல்லதாமே" என்று அள்ளிக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை.

பனங்கிழங்கு மாவுச்சத்துதான். நார் அதிகம் என்பதால் வெள்ளை அரிசிச் சாதம்போல வேகமாக ஏறாது. ஆனால் ஏறாமலும் இருக்காது. என் யோசனை இதுதான்: நடுத்தர அளவில் ஒரு கிழங்கு. அதைச் சாப்பிடுகிற வேளையில் அதற்கு ஈடாக ஒரு இட்லியையோ ஒரு கரண்டி சாதத்தையோ குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் தொல்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் தடவை சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் உடம்பு சொல்கிற கணக்கைவிட நல்ல கணக்கு எதுவும் இல்லை. கருப்பட்டி சேர்த்த உருண்டை? "கருப்பட்டி ஆச்சே" என்று மனதைச் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சிறுநீரகக் கோளாறுக்காக உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களும், குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடவேண்டாம். பல்செட் வைத்த பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நாரோடு கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மசித்து, சலித்துக் கொடுங்கள்.

சமையல் பக்குவம்

அவியல்: வெளித்தோலை உரித்து, இரண்டு நுனியையும் நறுக்கி, மண் போகக் கழுவுங்கள். குக்கரில் கிழங்கு முழுகத் தண்ணீர், அரை ஸ்பூன் மஞ்சள், உப்பு. ஐந்து விசில். ஆறியதும் நீளவாக்கில் பிளந்தால் நடுவில் ஈர்க்கு மாதிரி ஒரு தும்பு இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஓரத்து நாரையும் உருவிவிடுங்கள். இதற்கே சோம்பல்பட்டுத்தான் கிழங்கைக் குப்பையில் போடுகிறோம். வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பத்து நிமிஷ வேலை!

பூண்டு மிளகு இடியல்: நார் எடுத்த கிழங்கைத் துண்டுகளாக்கி, மிளகு, பூண்டு, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடியுங்கள். உரல் இல்லாதவர்கள் மிக்ஸியில் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று சுற்றலாம்.

மாவு: அவித்த கிழங்கை வில்லைகளாக நறுக்கி, ஒடித்தால் ஒடியும் வரை வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்துச் சலித்து வையுங்கள். புட்டு, கஞ்சி, அடை எல்லாம் செய்யலாம். அடைக்கு அரிசி மாவில் பாதியைக் குறைத்து இதைச் சேருங்கள்.

பத்துக்கு ஒன்று

கடைசியாக ஒரு கேள்வி வரும். வரவும் வேண்டும். "ஒவ்வொரு கிழங்கும் ஒரு பனங்கன்றுதானே டாக்டர்? நாம சாப்பிட்டா மரம் எங்கேயிருந்து வரும்?"

நியாயமான கேள்வி. பனை நம் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைக்கும் மனை போடுவதற்கும் எத்தனையோ மரம் போய்விட்டது. 2021-ல் தமிழக அரசு தன் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னது. அரசு சொன்னால் மட்டும் போதாது. பனை காய்க்க பன்னிரண்டு, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அது ஆண்பனையா பெண்பனையா என்றுகூடத் தெரியாது. வைத்தவர் நுங்கு சாப்பிடுவது நிச்சயமில்லாத மரம் இது.

எனக்கு இதில் இன்னொரு கடனும் இருக்கிறது. நான் படித்த சித்த மருத்துவ நூல்கள் இன்று அச்சில் இருக்கின்றன. அச்சுக்கு முன்னால் அவை இருந்தது பனையோலையில். சுவடி சிதையும்போது புது ஓலை நறுக்கி மறுபடி எழுதி எழுதித்தான் இத்தனை தலைமுறை வந்திருக்கிறது. பனை இல்லாவிட்டால் இந்த வைத்தியமே நம் கைக்கு வந்திருக்காது.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கொட்டை பாத்திக்குப் போனால், ஒரு கொட்டை கண்மாய்க் கரைக்குப் போகட்டும். 100 கொட்டை அடுக்குகிறவர் 10 கொட்டையைத் தனியே எடுத்துவைத்து, மழைக்கு முன்னால் ஊருக்குப் போகும்போது, ஊரில் கேட்டுக்கொண்டு, கரையோரம் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட்டு வாருங்கள். வேலி வேண்டாம், தண்ணீர் ஊற்றவேண்டாம். வால் கீழே இறங்கிவிட்டால் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

பனம்பழம் விழ ஆரம்பித்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பக்கம் போகிறவர்கள் மறக்காமல் ஒரு சாக்கு எடுத்துப் போங்கள்!